மகிழுந்துத் தொழிற்சாலைகளில் ஆற்றல் திறன்

மகிழுந்துத் தொழிற்சாலைகளில் ஆற்றல் திறன் என்பது, தரம் குறையாமல் ஒரு மகிழுந்தை (காரை) உருவாக்கத் தேவைப்படும் மின்சாரத்தையும் எரிபொருளையும் குறைப்பதாகும். இது பொதுவாக ஒரு வண்டிக்கு எத்தனை கிலோவாட் மணி செலவாகிறது என்ற அளவில் கணக்கிடப்படுகிறது. இரும்புத் தகட்டை வளைப்பதும் பற்றவைப்பதுமே அதிக ஆற்றலைப் பயன்படுத்தும் என்று தோன்றலாம். ஆனால் செலவின் பெரும்பங்கு காற்றைச் சூடாக்கவும், குளிர்விக்கவும், நகர்த்தவும், அழுத்தவுமே போகிறது.

வண்ணப்பூச்சுக் கூடம்

தகடு அழுத்துதல், பற்றவைப்பு, வண்ணப்பூச்சு, பொருத்துதல் ஆகிய பிரிவுகளில் வண்ணப்பூச்சுக் கூடமே (பெயிண்ட் ஷாப்) மிகுதியான ஆற்றலைப் பயன்படுத்துகிறது. பல ஆலைகளில் இது மொத்தச் செலவில் ஏறத்தாழ பாதியாகும்.

பூச்சு தெளிக்கப்படும் அறையில் காற்று கூரையிலிருந்து தொடர்ந்து கீழிறங்கி, வண்டியில் படியாத துளிகளை அள்ளிச் செல்கிறது. நீர்சார் பூச்சு சீராகப் படிய, இக்காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதமும் குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். குளிர் நாடுகளில் வெளிக்காற்றைச் சூடாக்கி ஈரமூட்டுகின்றனர். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் அதைக் குளிர்வித்து நீரைப் பிரித்து, மீண்டும் சூடாக்குகின்றனர். இவ்வளவு செலவில் பதப்படுத்திய காற்று, பழைய முறையில் ஒரு முறை அறையைக் கடந்ததும் வெளியேற்றப்படுகிறது.

பழைய முறையில் பூச்சுத் துளிகளை நீர் பிடிப்பதால் காற்று ஈரமாகிவிடும். சுண்ணாம்புக்கல் தூள் போன்றவற்றைக் கொண்ட உலர் வடிப்பான்களில் காற்று உலர்ந்தே இருப்பதால், அதன் பெரும்பகுதியை மீண்டும் அறைக்குள் அனுப்பலாம். எனினும் கரைப்பான் ஆவி சேர்ந்து தீப்பிடிக்காமல் இருக்க, ஒரு பங்கு புதிய காற்று எப்போதும் தேவை.

அடுத்த பெரிய செலவு உலர்த்தும் அடுப்புகளாகும். முதற்பூச்சை இறுகச் செய்ய 160 முதல் 180 பாகை செல்சியசு வரை வெப்பம் தேவைப்படுகிறது. அடுத்தடுத்த அடுக்குகளை ஈரமாக இருக்கும்போதே ஒன்றன்மேல் ஒன்றாகத் தெளித்து, இறுதியில் ஒரே முறை சுடுவதால் இடையிலுள்ள ஓர் அடுப்பைத் தவிர்க்கலாம். சப்பானின் மாசுடா நிறுவனம் இத்தகைய மூவடுக்கு முறையை 2002 இலும், அதன் நீர்சார் வடிவத்தை 2009 இலும் நடைமுறைப்படுத்தியது.

அழுத்தக் காற்று

திருகு முடுக்கிகள், பற்றிகள் போன்ற பல கருவிகள் அழுத்தக் காற்றால் இயங்குகின்றன. காற்றழுத்தியின் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாக மாறிவிடுகிறது. பராமரிப்பு குறைந்த குழாய்களில் உற்பத்தியாகும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை கசிந்து வீணாகலாம். மீயொலிக் கருவியால் கசிவுகளைக் கண்டு அடைத்தல், தேவைக்கு மேற்பட்ட அழுத்தத்தைக் குறைத்தல், வீண் வெப்பத்தைக் கழுவுதொட்டிகளுக்குப் பயன்படுத்துதல், மின் கருவிகளுக்கு மாறுதல் ஆகியவை தீர்வுகளாகும்.

காற்றாடிகள்

காற்றாடியின் மின்திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் மின்தேவை ஏறத்தாழ 51 விழுக்காடாகக் குறையும். எனவே உணவு இடைவேளையில் காற்றாடியை மெதுவாக ஓடவிடும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பெரும் பயன் தருகிறது.

அளவீடு

உற்பத்தி நின்ற வேளையிலும் விளக்கு, காற்றோட்டம், அழுத்திகள் ஆகியவை பயன்படுத்தும் ஆற்றல் அடிச்சுமை எனப்படும். விற்பனை குறையும் ஆண்டில் இச்சுமை குறைவான வண்டிகளுக்குப் பகிரப்படுவதால், எந்தத் தவறும் நிகழாமலே ஒரு வண்டிக்கான செலவு உயர்ந்து காணப்படும். மாறாக, உற்பத்தி பெருகும் ஆண்டில் வீணாவது தெரியாமல் மறைந்துவிடும். ஆகவே அடிச்சுமையைத் தனியே அளப்பது அவசியமாகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எனர்சி ஸ்டார் குறியீடு, வானிலை, உற்பத்தித் திறன் பயன்பாடு போன்றவற்றைக் கணக்கில் கொண்டு ஆலைகளை ஒப்பிடுகிறது. 2011 இல் வெளியாகி 2018 இல் திருத்தப்பட்ட ஐஎசுஓ 50001 தரநிலை, இத்தகைய அளவீட்டைத் தொடர்ந்து செய்வதற்கான வழிமுறையை வகுக்கிறது.

வரம்புகள்

சேமிப்புக்காகக் காற்றின் வெப்பநிலை எல்லையை அளவுக்கு மீறித் தளர்த்தினால் பூச்சில் குறைகள் தோன்றும். அவ்வண்டியைத் திருத்தி மீண்டும் பூசி உலர்த்தும்போது சேமித்த ஆற்றல் திரும்பச் செலவாகிவிடும். முதல் முறையிலேயே பிழையின்றிப் பூசுவதும் ஆற்றல் சேமிப்பின் ஒரு பகுதியே ஆகும்.