சங்கிலி வாளின் பூர்வீகம்: வேகமும் மனித உடலும்

காடழிப்பின் சின்னமாக இன்று கருதப்படும் சங்கிலி வாளின் பூர்வீகம் மருத்துவத்திலே உள்ளது என்று கூறின் வியப்புத் தோன்றுதல் இயல்பே. ஆயினும், வியப்போடு நின்றுவிடுதல் ஆய்வாகாது. எத்தேவை இக்கருவியைத் தோற்றுவித்தது, எத்தகைய சமூக உறவுகள் அதன் பயனை மாற்றியமைத்தன என்பனவே நாம் எழுப்பவேண்டிய வினாக்களாம்.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், இடுப்பு ஒடுங்கிய தாயின் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கும் சத்திரசிகிச்சை பெரும்பாலும் அவளது மரணத்திலேயே முடிந்தது. 1777இல் பரிஸ் நகரில் சிகோ என்னும் வைத்தியர், இடுப்பென்புகள் முன்புறத்தில் இணையும் கசியிழையத்தை வெட்டிப் பிறப்புவழியை அகலப்படுத்தினார். தாயும் சேயும் பிழைத்தனர். எனினும், தாய்க்கு நீங்காத ஊறு எஞ்சியது. இச்சிகிச்சைக்கென எடின்பரோவைச் சேர்ந்த ஜோன் எய்ற்கென் வளையக்கூடிய வாளொன்றை 1785இல் தமது மகப்பேற்று நூலில் விளக்கினார். கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஜெஃப்ரி, நோயுற்ற மூட்டென்புகளை அகற்றுதற்கு ஏற்ற சங்கிலி வாள்பற்றி 1806இல் எழுதினார். பற்களுடைய சிறு கண்ணிகள். இரு முனைகளிலும் கைப்பிடிகள். என்பைச் சுற்றிச் செலுத்தி மாறிமாறி இழுக்கும் முறை: இவ்வளவே அக்கருவி. அதிற் பொறி எதுவுமில்லை.

1830இல் ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில், மருத்துவக் கருவிகள் செய்யும் கைவினைஞரான பேர்ணாட் ஹைனே, தகடொன்றைச் சுற்றி ஓடும் முடிவிலாச் சங்கிலியைக் கைச்சுழற்றியால் இயக்கும் என்புவாளை உருவாக்கினார். இன்றைய வாளின் அமைப்பு இதிலேயே தெளிவாகப் புலப்படுகின்றது. ஈதர் மயக்கம் 1846இலேயே சத்திரசிகிச்சையில் நிலைபெறலாயிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அதற்கு முன்னர், நோயாளி முழு உணர்வோடு துடிக்கையில், வெட்டின் வேகமே வைத்தியர் காட்டக்கூடிய கருணையாக இருந்தது.

காட்டிலோ வேகத்தின் பொருள் வேறாயிற்று. 1926இல் ஸ்ருட்கார்ட் நகரில் அன்ட்றியாஸ் ஸ்ரீல் அமைத்த மின்சாரச் சங்கிலி வாள் ஏறத்தாழ 64 கிலோகிராம் நிறையுடையது; இருவர் சேர்ந்தே இயக்கவேண்டியிருந்தது. பெற்றோல் எஞ்சின்கள் தொடர்ந்தன. இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஒருவரே தாங்கக்கூடிய வாள்கள் பரவின. இவ்வாள்கள் மருத்துவ வாளின் நேரடி வாரிசுகள் என்று கொள்ளுதல் பொருந்தாது. தொடர்ச்சி அமைப்பிலேதான் உண்டு; நோக்கத்தில் இல்லை. மருத்துவத்தில் வலியின் கால அளவைக் குறைத்த வேகம், இங்கு ஒரு தொழிலாளி ஒரு நாளில் வீழ்த்தும் மரத்தின் அளவைப் பெருக்கிற்று.

அதன் விலையைச் செலுத்தியது மீண்டும் மனித உடலே. இடையறாத அதிர்வால் விரல்கள் வெளிறி உணர்விழக்கும் நோய் மரம் வெட்டுவோரைப் பீடித்தது. பின்லாந்தின் காட்டுத் தொழிலாளரிடை நிகழ்ந்த தொடர் ஆய்வொன்றில், 1972இல் 40 சதவீதமானோரிடம் காணப்பட்ட இந்நோய் 1990இல் 5 சதவீதமாகக் குறைந்தது. நிறையும் அதிர்வும் குறைந்த வாள்கள் வந்தமையே இதற்குரிய முதன்மைக் காரணமாகும். ஆகவே, ஊறு கருவியின் இயல்பிலே விதிக்கப்பட்டதன்று என்பது பெறப்படும்.

கருவியை மட்டும் குற்றஞ்சாட்டுவதும் கண்டுபிடித்தவரை மட்டும் போற்றுவதும் ஒரே தவறின் இரு பக்கங்களே. வேகம் எவருக்காக, அதன் நோவு எவர் உடலில் என்று வினவும்போதே கருவியின் வரலாறு மனிதரின் வரலாறாகின்றது.