தீவுகளில் கித்தார்ப் பெருக்கி: வால்வா, டிஜிட்டலா?

மின்சாரக் கித்தார் தனித்து நிற்கையில் ஏறக்குறைய ஊமை வாத்தியமாகும். அதன் உடல் பெரும்பாலும் கெட்டி மரத்தால் ஆயது. வீணைக்கும் மரக்கித்தாருக்கும் உள்ள குடம் அதற்கு இல்லை. எஃகுக் கம்பி அதிரும்பொழுது, அதன் அடியிலுள்ள காந்தத்தைச் சுற்றிய செப்புச் சுருளில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தம் எழுகின்றது. அந்தச் சிறு அழுத்தத்தைப் பன்மடங்காக்கி, ஸ்பீக்கரை அசைக்கும் ஆற்றலை அளிப்பது பெருக்கி என்னும் கருவி. கித்தாரை மட்டும் வாங்கியவர் பாதி வாத்தியத்தையே வாங்கியவராவார்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இவ்வாத்தியத்துக்கு நல்ல ஆதரவு உண்டு. கார் நிக்கோபாரின் தேவாலயங்களில் பலகுரற் பாட்டுடன் கித்தார் இணைந்து ஒலிக்கின்றது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில் கல்லூரி விழாக்களும் மேடைக் குழுக்களும் அதனை நாடுகின்றன. பெருக்கி வாங்க முற்படுவோர்க்கு இங்கும் பிற ஊர்களிற்போலவே ஓர் ஐயம் எழும்: பழைய வால்வு முறைப் பெருக்கியை வாங்குவதா, அல்லது கடைகளில் மாடலிங் ஆம்ப்ளிஃபயர் என வழங்கும் டிஜிட்டல் ஒப்புருப் பெருக்கியை வாங்குவதா? உலகெங்கும் இவ்விவாதம் ஓசை நயத்தைப் பற்றியே நிகழ்கின்றது. தீவுகளிலோ மின்சாரமும் ஈரமும் கப்பற் போக்குவரத்தும் அதில் பங்கு கொள்கின்றன.

முதலில் வால்வைக் காண்போம். ஆங்கில விஞ்ஞானி ஃபிளெமிங் 1904-ஆம் ஆண்டில் இரு மின்வாய்கள் கொண்ட வால்வை அமைத்தார். அமெரிக்கரான லீ டி ஃபாரெஸ்ட் 1906-இல் அதனுள் மூன்றாவதாக ஒரு கம்பிவலையைப் புகுத்தினார். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழலினுள், சூடேறிய எதிர்மின்வாயினின்று எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு, பல நூறு வோல்ட் அழுத்தமுள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையிலுள்ள வலை, ஏரி மதகின் பலகையைப் போன்றது. பலகையைச் சிறிதளவு ஏற்றி இறக்கினாலே பெருவெள்ளம் கூடிக் குறைவதுபோல, வலையின் மீது படும் சிற்றழுத்தம் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைக்கின்றது.

மதகைத் திறப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கித்தாரை ஓங்கி மீட்டினால், வால்வு அந்த எல்லையை எட்டி, அலையின் முகடுகளை மழுங்கச் செய்கின்றது. வானொலிப் பொறியாளர்கள் இதனைக் குறை என்று ஒதுக்கினர். கித்தார்க் கலைஞர்கள் அதையே விரும்பி ஏற்றனர். காரணம் இசையிலேயே உள்ளது. முகடு மழுங்கிய அலையில் மேற்சுரங்கள் கலக்கின்றன. இரண்டாம் மேற்சுரம் மேல் ஸ்தாயி ஸட்ஜம். மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமம். ஐந்தாவது, நன்கு சுருதி சேர்ந்த தம்புராவில் தானே கேட்கும் அந்தர காந்தாரம். வால்வு படிப்படியாக மழுங்குவதால் இத்தகைய இணக்கமான சுரங்களே முதலில் தலைதூக்குகின்றன. டிரான்சிஸ்டர்ப் பெருக்கிகள் பெரும்பாலும் எல்லையை எட்டியதும் சட்டென வெட்டிவிடுவதால், செவியை உறுத்தும் உயர் மேற்சுரங்கள் மிகுகின்றன. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டரும் லண்டனில் ஜிம் மார்ஷலும் செய்து விற்ற வால்வுப் பெருக்கிகளின் புகழுக்கு இதுவே அடிப்படை.

டிஜிட்டல் பெருக்கி வேறு வழி செல்கின்றது. கித்தாரின் அலையை வினாடிக்கு 48,000 தடவை போல அளந்து எண்களாக்கி, ‘இந்த அழுத்தத்துக்கு வால்வு என்ன விடை தரும்?’ என்று கணக்கிட்டு, விடையை மீண்டும் மின்னலையாக மாற்றுகின்றது. அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் 1996-இல் இவ்வகைப் பெருக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது. கணக்கிடுவதற்குச் சில மில்லிவினாடிகள் செல்லும். காற்றில் ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்வதால், மூன்று மில்லிவினாடித் தாமதம் என்பது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்கு ஒப்பாகும், அஞ்ச வேண்டியதில்லை. ஆதியில் வந்த கருவிகளின் ஓசை வறண்டிருந்தது உண்மையே. இன்றைய நல்ல கருவிகளை நாலைந்து வாத்தியங்களுக்கு நடுவே வைத்து வாசித்தால், கேட்போர் வேறுபாடு காண்பது அரிது. வாசிப்பவர் மட்டும் விரலின் அழுத்தத்துக்கு ஓசை இணங்கும் முறையில் சிறிது வேறுபாடு உணரலாம்.

ஓசையைப் பொறுத்தவரை இவ்வளவே. இனித் தீவின் மின்சாரத்துக்கு வருவோம்.

இத்தீவுகள் தாயகத்தின் மின் இணைப்பு வலையில் சேர்ந்தவை அல்ல. ஒவ்வொரு தீவும் தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் டீசல் இயந்திரங்களைக் கொண்டு தானே ஆக்கிக்கொள்கின்றது. வட அந்தமானில் 5.25 மெகாவாட் திறனுள்ள கல்போங் நீர்மின் நிலையம் உண்டு. தெற்கு அந்தமானில் 2020-ஆம் ஆண்டில் என்.எல்.சி. நிறுவனத்தின் 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் மின்கலச் சேமிப்புடன் இயங்கத் தொடங்கியது. எனினும் சிறிய மின்னமைப்பில் ஒரு பெரிய மோட்டார் ஓடத் தொடங்கினாலும் அழுத்தம் தாழ்வது இயல்பு. நீண்ட கம்பிவழியின் கடைக்கோடியிலுள்ள வீடுகளில் இத்தாழ்வு மேலும் மிகும்.

230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 190 வோல்ட் மட்டும் வருவதாகக் கொள்வோம். வால்வுப் பெருக்கியின் மின்மாற்றி, கொடுத்ததை விகிதப்படி மாற்றுமேயன்றித் திருத்தாது. 6.3 வோல்ட் பெறவேண்டிய இழைகள் 5.2 வோல்ட்டே பெறும். தகட்டின் 400 வோல்ட் 330 ஆகும். 50 வாட் திறன் சுமார் 34 வாட்டாகக் குறையும். இதனால் ஒலியளவு இரண்டு டெசிபெல்லுக்கும் குறைவாகவே தாழும். சபையோர் அதனை உணரமாட்டார்கள். ஆனால் மழுங்கும் எல்லை முன்னதாக வந்துவிடுவதால் ஓசையின் தன்மை மாறும். இழை போதிய சூடின்றி நெடுநாள் இயங்கினால் வால்வின் ஆயுளும் குறையும். எந்த ஓசைக்காக அதிக விலை கொடுக்கப்பட்டதோ அந்த ஓசையே, மாலையில் ஊர் விளக்குகள் ஏற்றப்படும் வேளையில் கைவிட்டுப் போகின்றது.

மின்தடையின்போது வீட்டு இன்வெர்ட்டரைக் கொண்டு வாசிக்கலாமே எனில், அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மலிவான இன்வெர்ட்டர்கள் சீரான சைன் அலையைத் தராமல் சதுர அலையைத் தருகின்றன. 230 வோல்ட் சைன் அலையின் உச்சம் 325 வோல்ட். அதே 230 வோல்ட் சதுர அலையின் உச்சமோ 230 வோல்ட்டே. இழைகள் முறைப்படி சூடேறும். தகட்டின் அழுத்தம் உச்சத்தைப் பற்றியே அமைவதால், 400 வோல்ட் 280 வோல்ட் அளவுக்கு வீழ்ந்துவிடும். போதாக்குறைக்கு மின்மாற்றியின் இரைச்சலும் சேரும். சைன் அலை இன்வெர்ட்டருக்கு இக்குறை இல்லை. இன்னொன்று: இரண்டு இ.எல்.34 வால்வுகளும் மூன்று 12ஏ.எக்ஸ்.7 வால்வுகளும் கொண்ட 50 வாட் பெருக்கியில், ஒரு சுரம் ஒலிப்பதற்கு முன்னரே இழைகள் மட்டும் சுமார் 25 வாட் உண்டுவிடுகின்றன.

டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் மின்வழங்கி இருக்கும். அவற்றுக்கு 190 வோல்ட்டும் 230 வோல்ட்டும் ஒன்றே. எல்லாக் கருவிகளுக்கும் இது பொருந்தாது. பின்புறத் தகட்டில் அச்சிட்டுள்ள எண்ணை வாங்குமுன் படித்தறிதல் வேண்டும். தாழ்வைத் தாங்கும் இக்கருவி, இடியினாலும் இயந்திர மாற்றத்தினாலும் திடீரென எழும் மிகை அழுத்தத்தைத் தாங்குவதில் வால்வைவிட மெலிந்தது.

அடுத்தது ஈரம். இங்கே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. இரு பருவக்காற்றுகளும் மழை கொணர்வதால், மே முதல் டிசம்பர் வரை காற்று உலர்வது அரிது. கடற்கரையில் அதனுடன் உப்பும் சேர்கின்றது. பழைய ஃபெண்டர் பெருக்கிகளில் உறுப்புகளைத் தாங்கும் கரிய நார்ப்பலகை ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நூற்றுக்கணக்கான வோல்ட் அதன்மேல் நிற்கையில் மின்சாரம் பலகையின் வழியே கசிந்து, கொரகொரவென்ற ஒலியை எழுப்பும். பழம்பொருள் என்று பெருவிலை கொடுத்து இத்தகைய பெருக்கியைத் தீவுக்குக் கொணர்வது அறிவுடைமையாகாது. ஆயின் வால்வின் வெப்பத்தால் ஒரு நன்மையும் உண்டு: நாள்தோறும் பயன்படும் பெருக்கி தன்னைத்தானே உலர்த்திக்கொள்ளும். வால்வின் முனைகளில் பசுமை படர்ந்தால், பெருக்கியை அணைத்து ஆறவிட்டு, வால்வை இரண்டொரு முறை கழற்றிச் செருகினாலே பெரும்பாலும் தொடர்பு மீளும். உட்புறத்தைத் தொடுவது வேறு. மின்தேக்கிகள் இணைப்பைத் துண்டித்த பின்னரும் உயிர் போக்கவல்ல அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

டிஜிட்டல் கருவியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் முனைகள் நெருங்கியுள்ளன. உப்பும் ஈரமும் அவ்விடைவெளியில் மெல்லிய பாலம் இட்டுவிட்டால் கருவி காரணமின்றித் தடுமாறும். பயன்படாமல் அலமாரியில் மூடிக்கிடக்கும் கருவிக்கே இத்தீங்கு மிகுதி.

பழுது பார்ப்பதில் இரண்டின் நிலையும் விந்தையாக முரண்படுகின்றது. வால்வுப் பெருக்கியின் சுற்றைப் பழைய ரேடியோ பழுது பார்த்துப் பழகியவர் எவரும் கண்டுகொள்வார். உறுப்புகள் பெரியவை, ஒவ்வொன்றாக மாற்றத்தக்கவை. ஆனால் வால்வே கிடைப்பது அரிதாகிவிட்டது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் முன்னொரு காலத்தில் வானொலி வால்வுகளைச் செய்தது. இன்று கித்தார்ப் பெருக்கிக்குரிய வால்வுகள் முக்கியமாக ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா ஆகிய மூன்று நாடுகளினின்றே வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் உலகெங்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. வெளியீட்டு மின்மாற்றி எரிந்தால், மோட்டார் சுற்றும் தொழிலாளி அதனைச் செம்மையாகச் சுற்றிவிட இயலாது. அதன் சுருள்கள் அடுக்கடுக்காகப் பின்னியமைபவை.

டிஜிட்டல் கருவி கெட்டால், போர்ட் பிளேரிலும் பெரும்பாலும் முழுப் பலகையையே மாற்ற வேண்டிவரும். சென்னை ரிட்சி தெருவில் தேடினாலும், உற்பத்தி நின்றுபோன கருவிக்குப் பலகை கிட்டுவது உறுதியில்லை. கப்பல் சென்னையினின்று போர்ட் பிளேருக்கு மூன்று நாளளவு செல்கின்றது. அங்கிருந்து கார் நிக்கோபார் மேலும் சுமார் 270 கிலோமீட்டர். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் பயணநாளை எவரும் உறுதி கூற இயலாது. கிறிஸ்துமஸுக்கு இரு வாரம் முன்னர் பெருக்கி வாயடைத்துப் போனால், பாட்டுக் குழுவினர் மரக்கித்தாரையே நம்ப வேண்டியதாகும். மென்பொருளைப் புதுப்பிப்பது மட்டும் முன்னிலும் எளிதாயிற்று. 2020 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழை வடம் கார் நிக்கோபாரையும் இணைக்கின்றது.

ஆகவே சிற்றூர்த் தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் நடுத்தர விலையுள்ள டிஜிட்டல் கருவியே ஏற்றது. ஒரு வால்வுப் பெருக்கிக்கு ஆகும் தொகையில் பெரும்பாலும் ஒரே வகையான இரண்டு கருவிகள் வாங்கலாம். ஒன்று பழுதானால் மற்றது பாடும். தேவாலயத்தில் முன்பே ஒலியமைப்பு இருக்குமாயின், ஸ்பீக்கர் இல்லாத தரைக்கருவியை அதனுடன் இணைத்தால் போதும். தலைநகரில் வாழும் தேர்ந்த கலைஞர் வால்வையே விரும்பினால், சிறிய வகையைத் தேர்ந்து, ஸ்டெபிலைசரும் ஒரு தொகுதி மாற்று வால்வுகளும் சேர்த்து வாங்கட்டும். அச்செலவைக் கணக்கில் கொள்ளாமல் ஆசைப்படுவது வீண்.

எதனை வாங்கினாலும் நில இணைப்பைச் சோதித்தல் இன்றியமையாதது. கித்தாரின் கம்பிகள் பெருக்கியின் உலோகச் சட்டத்துடனும், சட்டம் நிலத்துடனும் இணைந்தவை. நில இணைப்பு அறுந்து, உள்ளே காப்பும் பழுதுபட்டால், கம்பிகளிலேயே மின்சாரம் ஏறி நிற்கும். வாசிப்பவர் ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்றோ, வேறு இணைப்பிலுள்ள ஒலிவாங்கியை உதட்டால் தொட்டோ அந்த மின்சாரத்துக்கு வழியாகிவிடலாம். திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்குக் கொணரும் சிறு ஜெனரேட்டர்களில் நில இணைப்பே இல்லாதிருப்பதும் உண்டு. அவற்றுக்குத் தகுதி பெற்ற மின்பணியாளர் முறைப்படி நில இணைப்பு அமைத்த பின்னரே இசை தொடங்கலாம். மண்டபத்தின் மின்பெட்டியில், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனத்தைப் பொருத்திவிடுதல் நன்று. இரைச்சலைக் குறைப்பதற்காகப் பிளக்கின் மூன்றாம் முனையைச் சிலர் ஒடித்துவிடுகின்றனர். அத்தகைய பிளக்கைக் கண்டால் அன்றே மாற்றி, அதன்பின் கித்தாரை இணைக்க வேண்டும்.