உள்ளாடையும் உடல்நலமும்

வெளியில் தோன்றும் வேட்டி சேலையில் நாம் காட்டும் கவனத்தை, உள்ளே உடுக்கும் துணியில் காட்டுவதில்லை. "உள்ளாடை அணியாமல் இருப்பது உடலுக்குக் கெடுதலா?" என்று அங்கத்தினர்கள் சிலர் தயக்கத்துடன் நம்மிடம் கேட்பதுண்டு. கூச்சத்தால் இவ்வினாவை மூடி வைப்பதைவிட வெளிப்படையாக விடை கூறுவதே நலம்.

உள்ளாடை அணியாமை ஒன்றினாலேயே நோய் வந்துவிடுவதில்லை. அணிவது ஒன்றினாலேயே நோய் விலகிவிடுவதுமில்லை. ஈரம், இறுக்கம், அழுக்கு ஆகிய மூன்றுமே கேடு விளைவிப்பன.

முதலாவது ஈரம். நாள் முழுதும் தறிக்குழியில் அமரும் நெசவாளருக்கும், நனைந்த கோவணத்துடன் வயலில் நிற்கும் உழவருக்கும் தொடையிடுக்கு ஈரத்தில் ஊறுகிறது. அங்கே காளான் இனத்து நுண்ணுயிர்கள் வளர்ந்து படர்தாமரை தோன்றுகிறது. நெய்த அளவுக்கே கூலி பெறும் நெசவாளர், அரிப்பால் தறியில் அமர இயலாவிடில் அன்றைய வருவாயை இழக்கிறார்.

நூலின் இயல்பை அறிந்த நமக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். இயல்பான காற்றீரத்தில் 100 பங்கு உலர்ந்த பருத்தி சுமார் 8 பங்கு ஈரத்தை ஏற்கும். நைலான் சுமார் 4 பங்கு ஏற்கும். பாலியெஸ்டரோ அரைப் பங்கும் ஏற்பதில்லை. ஆகவே பருத்தி உள்ளாடையே சிறந்தது. எனினும் உறிஞ்சிய வியர்வையைப் பருத்தி விரைவில் விடுவதில்லை. மாற்றாமல் உடுத்தியிருந்தால் அதுவும் பகையாகும். வேலை முடிந்ததும் குளித்து, இடுக்குகளை நன்கு துவட்டி, உலர்ந்த துணி உடுத்த வேண்டும்.

இரண்டாவது இறுக்கம். ஆண்களின் விதைகள் உடல் வெப்பத்தைவிடச் சில பாகை குறைந்த வெப்பத்திலேயே செவ்வனே தொழிற்படும். அமெரிக்காவில் 656 ஆண்களைக் கொண்டு நடத்தப்பெற்று 2018-இல் வெளியான ஆய்வில், தளர்ந்த உள்ளாடை அணிந்தோரிடம் விந்தணுச் செறிவு மற்றவரைவிட 25 சதவீதம் மிகுதியாகக் காணப்பட்டது. இடுப்பில் வேட்டியைப் பல்லாண்டுகள் இறுக்கிக் கட்டுவதால் தோல் புண்ணாகி, அரிதாகப் புற்றுநோயும் தோன்றலாம் என்பதை 1945-இலேயே கானோல்கர் முதலிய நம் நாட்டு மருத்துவ அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். பாவாடை நாடாவுக்கும் இது பொருந்தும். அகன்ற பட்டையைத் தளர்த்திக் கட்டுவதே நன்று.

மூன்றாவது அழுக்கு. உள்ளாடை அணியாதவருக்கு வேட்டியோ பாவாடையோதான் உள்ளாடையாகிறது. அதனை நாள்தோறும் துவைத்தல் அவசியம். நெடுந்தூரம் நடப்பவரும், மிதிவண்டி ஓட்டுபவரும், முரட்டுக் காற்சட்டை அணிபவரும் தோல் உராயாதிருக்க உள்ளாடை அணிவது நல்லது. இரவில் அதனைக் களைந்துவிட்டு, தளர்ந்த ஆடையுடன் உறங்கலாம். இதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை.

படர்தாமரை கண்டவர் தம் துணியையும் துண்டையும் பிறருடன் பகிர்தல் ஆகாது. 60 பாகை சென்டிகிரேடு வெந்நீரில் தனியே துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் கேட்டு வாங்கிப் பூசுவது பெருந்தீங்கு. அரிப்பு உடனே அடங்கும். ஆனால் நோய் உள்ளே பரவிப் பிடிவாதமாகிவிடும். மருத்துவர் கூறிய மருந்தை, அரிப்பு நின்ற பின்னரும் அவர் குறித்த நாள் வரை தொடர வேண்டும்.

பெண்மக்கள் தம் உள்ளாடைகளையும் மாதவிலக்குத் துணிகளையும் பிறர் கண்ணில் படாதவாறு இருண்ட மூலையில், வேறு துணியின் அடியில் உலர்த்துவதைப் பல வீடுகளில் காண்கிறோம். அரைகுறையாக உலர்ந்த துணி நோய்க்கு இடம் தரும். வெட்கத்திற்காக உடல்நலத்தை இழப்பது நியாயமன்று. இதற்குச் சங்கங்கள் வழி செய்யலாம். தறிக்கூடத்தின் பின்புறம் வெயில் படும் இடத்தில் தட்டி மறைவு அமைத்து ஒரு கொடி கட்டித் தருவதற்கு ஆகும் செலவு சொற்பமே. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.