கோழியின் எதிர்ப்பு சக்தியே முட்டைக்கும் எடைக்கும் காப்பு

மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு பக்கம் மானாவாரிக் காடு கைவிடும் மாதங்களில் வீட்டுச் செலவுக்குக் கைகொடுப்பவை ஆடும் கோழியும்தான். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் சில நாளிலேயே பஞ்சாரம் காலியாகிவிடும். இந்த இழப்பைத் தடுக்கும் ஆற்றல் கோழியின் உடலிலேயே இருக்கிறது. நோய் வருமுன் அதைத் தயார்படுத்துவது வளர்ப்பவர் கடமை.

எதிர்ப்பு சக்தி எங்கே உருவாகிறது?

நமக்கு இருப்பது போன்ற நிணநீர்க் கணுக்கள் கோழிக்கு இல்லை. கழுத்தின் இருபுறமும் உள்ள தைமஸ் சுரப்பி, மண்ணீரல், எச்சத்துவாரத்துக்கு மேலே உள்ள பர்சா என்ற சிறு பை ஆகியவையே முக்கிய உறுப்புகள். பர்சாவை விவரித்த இத்தாலிய உடற்கூறியலாளர் ஃபாப்ரிசியஸின் நூல், அவர் இறந்தபின் 1621இல் வெளிவந்தது. அந்தப் பையின் வேலை மட்டும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் புரியாமலே இருந்தது. பர்சா நீக்கப்பட்ட கோழிகளால் போதிய எதிர்ப்பொருள் உருவாக்க முடியவில்லை என்பதை 1956இல் அமெரிக்காவின் புரூஸ் கிளிக் குழுவினர் வெளியிட்டனர். மனித உடலில் எதிர்ப்பொருள் சுரக்கும் பி அணுக்களைப் பற்றிய அறிவுக்கும் அதுவே வழி திறந்தது.

குஞ்சு பொரிக்கும்போதே தாயின் எதிர்ப்பொருள் மஞ்சள்கரு வழியாக அதற்குக் கிடைத்துவிடுகிறது. இரண்டு, மூன்று வாரங்களில் அது கரைந்துபோகும். தாய்க்கோழிக்குப் போட்ட ஊசி குஞ்சின் முதல் நாட்களையும் காக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

எதிர்ப்புக்கும் தீனி செலவாகும்

கிருமி நுழைந்ததும் கோழிக்குக் காய்ச்சல் ஏறுகிறது, இரை எடுப்பது குறைகிறது. எதிர்ப்பு அணுக்களையும் புரதங்களையும் உருவாக்கத் தசையே கரைகிறது. வரவு குறைந்த வீட்டில் மருத்துவச் செலவும் வந்து சேர்ந்த நிலை இது. முதலில் நிற்பது முட்டை, அடுத்துக் குறைவது எடை. வெள்ளைக்கழிச்சலில் பிழைத்த கோழிகள் சில காலம் தோல்முட்டையும் கோணல் முட்டையும் இடுவதுண்டு.

அதிக எதிர்ப்பொருள் உருவாக்கும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த கோழிகள் எடை குறைவாக இருந்ததை ஆய்வுகளும் காட்டியுள்ளன. வளர்ச்சியும் எதிர்ப்பும் ஒரே தீனியைப் பங்கிடுகின்றன. தடுப்பூசிக்கும் உடல் சிறிது செலவிடத்தான் செய்கிறது. ஆனால் உண்மையான நோயோடு போராடும் செலவில் அது மிகச் சிறு பங்கே.

எதிர்ப்பைக் குலைப்பவை

கடும் வெயிலில் வாயைத் திறந்து இரைக்கும் கோழியின் உடலில் கார்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடி, எதிர்ப்பு அணுக்களின் வேலையை மந்தமாக்குகிறது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்திலும் கடலைப்புண்ணாக்கிலும் உள்ள அஃப்ளாடாக்சின் நச்சு, ஈரலோடு எதிர்ப்பு உறுப்புகளையும் கெடுக்கும். குடற்புழுவும் இரத்தக்கழிச்சலும் சத்தை உறிஞ்சிவிடும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளைத் தாக்கும் கம்போரோ நோய் பர்சாவையே அழிக்கும். அதில் பிழைத்த குஞ்சுக்குப் பின்னர் போடும் ஊசியும் சரியாகப் பிடிக்காது.

நிழல், குளிர்ந்த நீர், உலர்ந்த தீனி, ஈரமில்லாத தரை ஆகிய நான்கும் இருந்தாலே பாதி ஆபத்து விலகும். கீரையும் முருங்கை இலையும் வைட்டமின் ஏ தரும்.

தடுப்பூசி: எப்போது, எப்படி?

வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, இரண்டாம் வாரத்தில் கம்போரோ மருந்து, நான்காம் வாரத்தில் மீண்டும் ராணிக்கெட் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி என்பது பொதுவான முறை. அம்மைக்கும் ஊசி உண்டு. உங்கள் பகுதிக்கு ஏற்ற அட்டவணையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடைக்கு முன்பே எதிர்ப்பு உருவாகிவிட வேண்டும் என்பதால்தான், தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவசக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஊசி போட்டபின் எதிர்ப்பு வலுப்பெற ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். பக்கத்துத் தெருவில் கோழி சாகத் தொடங்கியபின் ஓடுவதால் பெரும் பயனில்லை.

ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்குங்கள். நோயில்லாத கோழிக்கு மட்டும், காலையிலோ மாலையிலோ ஊசி போடச் செய்யுங்கள். மருந்தை ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுவர வேண்டும். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வெயில் பட்டால் மருந்தின் வீரியம் போய்விடும்.

நோய் வந்துவிட்டால்

பச்சை அல்லது வெள்ளைக் கழிச்சல், கழுத்துத் திருகல், இறக்கை தொங்குதல், மூச்சுத் திணறல் தெரிந்தால் அந்தக் கோழியை உடனே பிரித்து வையுங்கள். வெள்ளைக்கழிச்சலை உண்டாக்கும் நச்சுயிரியைக் கொல்லும் மருந்து இல்லை. மஞ்சள், சீரகம், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது துணையாக இருக்கலாமே தவிர ஊசிக்கு மாற்றாகாது. செத்த கோழியை ஓடையில் வீசாமல் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். நோயுற்றதைச் சந்தைக்குக் கொண்டுபோனால் அடுத்த ஊருக்கும் நோய் போகும்.

ஐந்து கோழி வைத்திருப்பவருக்கும் ஐந்நூறு வைத்திருப்பவருக்கும் கணக்கு ஒன்றே: எதிர்ப்பு சக்தி இல்லாத கோழிக்குப் போடும் தீனி வீண். இந்தத் தை, மாசியில் முகாம் உங்கள் ஊருக்கு வரும் நாளைக் கேட்டு வையுங்கள். அன்று விடியுமுன், கோழிகளைத் திறந்துவிடாமல் பஞ்சாரத்தோடு கொண்டுபோய் ஊசி போட்டு வாருங்கள்.