மட்டாஞ்சேரியில் நீர்வர்ணம்

நீர்வர்ணச் சித்திரம் பழக ஆசை கொண்டவர் முதற் காரியமாகக் கடைக்குப் போய் 24 வர்ணங்கள் அடங்கிய பெட்டியொன்றை வாங்கி வருவதும், அதைக் கையில் கிடைத்த நோட்டுத் தாளில் பூசிப் பார்த்து, தாள் நெளிந்து வர்ணம் திட்டுத் திட்டாகத் தேங்குவதைக் கண்டு, தமக்கு இந்த வித்தை கைவராது என்று தீர்மானித்துவிடுவதும் சர்வ சாதாரணம். குற்றம் கையினுடையதன்று, காகிதத்தினுடையது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதம் விலை கூடியதுதான். ஆனால் நாலைந்து டியூப்களோடு திருப்தியடைந்து, மிச்சப் பணத்தைக் காகிதத்தில் போடுகிறவர் ஏமாறுவதில்லை.

இந்த வர்ணம் வேறொன்றுமில்லை. நுண்ணிய பொடியை வேல மர இனத்துப் பிசினில் குழைத்தது. நீரில் கரைத்துப் பூசினால், நீர் ஆவியாகிப் போக, துகள்கள் மட்டும் காகிதத்தில் ஒட்டி நிற்கின்றன. அந்த மெல்லிய படலத்தினூடே புகுந்து, காகிதத்தில் பட்டுத் திரும்பும் ஒளியே படத்தின் பிரகாசம். ஆகையால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை ஆரம்பத்திலேயே தொடாமல் விட்டு, இளநிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும். தைல வர்ணக்காரர் பிழையை மறுநாள் பூசி மறைத்துக்கொள்ளலாம். இங்கே அந்தச் சலுகை அநேகமாக இல்லை.

இந்தக் கிரமத்தை நேரில் காண விரும்புகிறவர் கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போகலாம். 1555-ஆம் ஆண்டு வாக்கில் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்கு அளித்து, 1663-ல் டச்சுக்காரர் புதுப்பித்தமையால் டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்றுவிட்ட மாளிகையின் சுவர்களில், ராமாயணக் காட்சிகள் காவியும் மஞ்சளும் பச்சையுமாக நெருங்கி நிற்கின்றன. உலர்ந்த சுண்ணாம்புப் பூச்சின்மேல் எழுதிய அவை நீர்வர்ணக் காகிதச் சித்திரங்களுக்கு வேறு ஜாதிதான் என்றாலும், கேரளச் சுவர்ச் சித்திரக்காரர் வெளிர் மஞ்சளில் தொடங்கிக் கடைசியாகவே கறுப்புக் கோட்டை இழுக்கும் சம்பிரதாயத்தை நீர்வர்ணம் பழகுகிறவர் கவனித்துப் பார்ப்பது நல்லது.

அரண்மனையை விட்டு வெளியே வந்தால் மட்டாஞ்சேரியின் காற்றே ஓர் ஆசானாகிவிடுகிறது. மதுரையின் சித்திரை வெயிலில் ஒரு பட்டை வர்ணத்தை இழுத்து அடுத்த பட்டைக்குப் பிரஷை நனைப்பதற்குள் முந்தையது காய்ந்து கரைகட்டிவிடும். காயலை ஒட்டிய இந்த ஊரிலோ, ஆனி ஆடி மழைக்காலத்தில் நனைத்த தாள் நெடுநேரம் ஈரமாகவே கிடந்து பொறுமையைச் சோதிக்கும். ஈரத்தின்மேல் ஈரமாக வர்ணத்தை விட்டு, மேகமும் தூரத்துத் தென்னந்தோப்பும் தாமாகவே விளிம்பு கலங்கி உருவாகும்படி செய்வதற்கு இத்தகைய ஊர் வெகு வாய்ப்பானது. தாளைக் கண் மட்டத்துக்கு உயர்த்திச் சாய்த்துப் பார்த்தால், கண்ணாடி போன்ற பளபளப்பு இருக்கும்வரை விட்ட வர்ணம் தாராளமாகப் பரவும். பளபளப்பு மங்கத் தொடங்கும் தருணம்தான் ஆபத்து. அப்போது நீர் மிகுந்த பிரஷால் தொட்டால், அந்த நீர் பாதி காய்ந்த வர்ணத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் பூவைப் போன்ற கறையை உண்டாக்கும். காய்ந்துவிட்டதா என்று சந்தேகம் எழுந்தால் புறங்கையை இலேசாக வைத்துப் பார்ப்பது உத்தமம். குளிர்ச்சி தட்டினால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது என்று பொருள். அவசரக்காரர்கள் ஹேர் டிரையரைப் பிடிக்கிறார்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், ஏனெனில் காயும் காலத்தைக் கண்ணால் அளக்கும் அப்பியாசம் அதனால் கெட்டுப்போகிறது.

வர்ணச் சேர்க்கை பயில்வதற்கு இங்குள்ள பழைய பண்டகசாலைகளே போதும். மிளகும் சுக்கும் மணக்கும் அந்தத் தெருக்களில் காரை உதிர்ந்து, உள்ளேயிருக்கும் செங்கல் தெரிய, பாசி படிந்து நிற்கும் சுவரின் சாம்பல் நிறத்தைக் கறுப்பு டியூபிலிருந்து எடுத்தால் படம் செத்துப்போகும். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் சுட்ட காவியையும் கலந்தால், நீலம் மிகுந்தபோது மழை மேகமும், காவி மிகுந்தபோது ஓட்டுக்கூரையும், இரண்டும் சமமானபோது அந்தப் பழஞ்சுவரும் ஒரே தட்டில் கிடைத்துவிடுகின்றன. அல்ட்ராமரீனின் துகள்கள் காகிதத்தின் குழிகளில் படிந்து பொரிப்பொரியாக நிற்பதும் காரைச் சுவருக்கு வெகு பொருத்தம்.

கோயம்புத்தூரில் 1911-ல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியின் தலைமையை ஏற்று, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஸ்தாபித்த கே. சி. எஸ். பணிக்கரை, பிற்காலத்தில் எழுத்தும் குறியும் நிறைந்த பெரிய சித்திரங்களுக்காகவே ஜனங்கள் நினைக்கிறார்கள். ஆனால் இளமையில் அவர் கேரளத்தின் நீர்நிலைகளையும் தென்னைகளையும் நீர்வர்ணத்தில் ஏராளமாகத் தீட்டியவர். நவீன சித்திரத்தில் நாட்டமுள்ளவர்களும் அந்த ஆரம்ப காலப் படங்களைத் தேடிப் பார்ப்பது பயனுள்ளது.

கடைசியாக ஒரு லௌகீக விஷயம். மழைக்காலத்தில் காகிதத்தைத் திறந்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நார்களுக்கு இடையே நீர் ஒரேயடியாக உறிஞ்சப்படாமல் தடுக்கும் பசைப்பூச்சு அதனால் கெட்டு, வர்ணம் அங்கங்கே மையொற்றுத் தாளில் விட்டதுபோல் இறங்கிவிடும். கறை கண்ணுக்குத் தெரிவதோ பிரஷ் வைத்த பிறகுதான். ஆகையால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடி, சுவரை ஒட்டாத அலமாரித் தட்டில் வைக்க வேண்டும். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று கடைக்காரர் சொன்னாலும், ஆனி பிறக்குமுன் தீர்ந்துபோகிற அளவுக்கு வாங்குவதே விவேகம்.