134ஆம் இடம்
2014 முதல் 2018 வரை, உலகின் தலைசிறந்த எட்டு வீராங்கனைகள் ஆண்டுதோறும் காலாங் உள்ளரங்கில் மோதினார்கள். செங்காங்கிலிருந்து ரயிலேறிப் போய்ப் பார்த்த எனக்கு, கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன்தான் நினைவுக்கு வந்தார்.

அவர் எட்டிய உச்சத் தரவரிசை 134. கிராண்ட்ஸ்லாமில் நேரடி வாய்ப்பு நூற்றுச் சொச்சம் பேருக்கே. மற்றவர்கள் தகுதிச் சுற்றில் போராட வேண்டும். சிறு போட்டிகளில் பரிசுத்தொகை சொற்பம். விமானச் சீட்டும் தங்குமிடமும் பெரும்பாலும் கைக்காசு.

ஆனாலும் 1998 ஆஸ்திரேலியப் பொது விருதில் இத்தாலியின் குளோரியா பிச்சிகினியை வென்றார் நிருபமா. பொது யுகத்தில், கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஒற்றையர் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. சானியா மிர்சா அங்கே முத்திரை பதித்தது 2005இல்தான்.

டென்னிஸ் ஆடும் என் மகளிடம் “எத்தனையாவது இடம்?” என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் நான் நிருபமாவின் கதையைச் சொல்கிறேன்.