பச்சிளங் குழந்தையின் உச்சிக்குழி

வாடிய பயிரைக் கண்ட உழவர் இலையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. வேரடியில் ஈரம் உண்டா என்று மண்ணைக் கிளறிப் பார்க்கிறார். குழந்தையின் உச்சிக்குழியைப் பற்றியும் நாம் இவ்விதமே சிந்தித்தல் நலம்.

சில காலத்துக்கு முன் சேக்காட்டில் உறவினர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். ஐந்து மாதக் குழந்தையொன்று வயிற்றுப்போக்கால் துவண்டு கிடந்தது. உச்சி விழுந்துவிட்டதெனக் கூறிய பாட்டியார், அக்குழியில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். அங்கு வந்த செவிலியர், காலை முதல் குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்று வினவினார். ஒரு முறையும் இல்லை! உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றதால் குழந்தை பிழைத்தது. பாட்டியாரின் கண் தவறவில்லை, மருந்துதான் தவறியது.

பிறக்கும்போது மண்டையோட்டின் எலும்புகள் ஒன்றாகப் பொருந்தியிருப்பதில்லை. பிரசவ வழியில் தலை சற்றே ஒடுங்கி வெளிவருவதற்கும், பின்னர் மூளை வளர்வதற்கும் இயற்கை இவ்விடைவெளிகளை அமைத்துள்ளது. முதல் ஓராண்டில் மூளை ஏறக்குறைய இருமடங்காகிறது. பின்னந்தலையிலுள்ள சிறு குழி இரண்டு, மூன்று மாதங்களில் மூடிவிடும். உச்சியிலுள்ள பெரிய குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களுக்குள் மூடும். சிலருக்கு இரண்டு வயது வரையும் ஆகலாம். உறுதியான சவ்வு அதனைக் காப்பதால், மெதுவாகத் தலை குளிப்பாட்ட அஞ்ச வேண்டுவதில்லை. அது நாடியோடு சேர்ந்து துடிப்பதும், அழும்போது புடைப்பதும் இயல்பே.

ஆனால் குழி உட்குழிந்து, வாய் உலர்ந்து, சிறுநீர் குறைந்தால் உடலில் நீர் வற்றிவிட்டதென அறிக. அமைதியாக நிமிர்த்திப் பிடித்திருக்கும்போதும் புடைத்திருந்து, காய்ச்சலோ வாந்தியோ காணின் அது மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். இரு நிலைகளிலும் தாமதம் கூடாது. 108 ஊர்தியை அழையுங்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கியவுடனேயே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தல் வேண்டும். 1971ஆம் ஆண்டு வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். ஒரு லிட்டர் பொட்டலத்தை, கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டுக. 24 மணி நேரத்துக்குப்பின் மிஞ்சியதைக் கொட்டிவிடுக. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும் 14 நாட்கள் கொடுத்தல் வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவாயின் வீட்டில் காத்திராது மருத்துவரிடம் செல்க.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி முறையாகச் சுத்தம் செய்யப்படுகிறதா, குளோரின் கலக்கப்படுகிறதா, அங்கன்வாடியில் கரைசல் பொட்டலங்கள் இருப்பில் உள்ளனவா என்பவற்றைக் கோடைக்கு முன்பே கவனியுங்கள். மே 1ஆம் நாள் கூடும் கிராம சபையில் செவிலியரைப் பேசச் செய்யுங்கள். பாட்டிமார்களை முன்வரிசையில் அமர்த்துங்கள். குழந்தையின் உச்சியை முதலில் தடவிப் பார்ப்பவர்கள் அவர்களே அல்லவா?